நாற்பத்து மூன்றாம் எந்திரம்

காலை ஒன்பது மணிக்குத் தையற்கூடத்தின் வாசற்பலகையில் நான்கு வரி அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. பிற்பகல் நான்கு மணிக்குப் பேரவை கூடும் என்றும், கட்டிங் மாஸ்டரை உறுப்பினர் பதிவிலிருந்து நீக்கும் தீர்மானம் அதில் வாசிக்கப்படும் என்றும் அது தெரிவித்தது. அதன்கீழ்த் தலைவரின் கையொப்பம். கையொப்பத்தின்கீழ், "விதி நான்கு, விதி ஐந்தின்படி."

தைத்த துணிகளைச் சரிபார்ப்பவள் அந்த அறிவிப்பை இருமுறை படித்தாள். குறை கண்டுபிடிப்பதே அவள் வேலை. காலர் ஓர் இழை கோணினாலும் அந்த இடத்தில் குண்டூசியைக் குத்தித் திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் கூடத்தில் அவளுக்குக் குண்டூசி என்றே பெயர். இந்த அறிவிப்பில் குண்டூசி குத்த இடமே இல்லை. விதி நான்கையும் விதி ஐந்தையும் எழுதியவள் அவள். நீக்கப்படப் போகிறவள், காலமான அவள் கணவனின் தங்கை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கூடம் ஒரு முதலாளிக்குச் சொந்தமாக இருந்தது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கதவில் பூட்டுத் தொங்கியது. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சீருடை தைத்துக்கொண்டிருந்த பெண்களும், எந்திரங்களைப் பழுதுபார்த்துவந்த மெக்கானிக்கும் பூட்டை உடைத்து உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பதினோரு வாரம் உட்கார்ந்தார்கள். வெளியேறச் சொல்லி நீதிமன்ற ஆணை வந்தது. மேல்முறையீட்டைக் கேட்க மூன்று அதிகாரிகள் வந்தார்கள். நாற்காலி கேட்டார்கள், டீ குடித்தார்கள், பெண்கள் பேசத் தொடங்கியபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், முதலாளிக்குச் சாதகமாக எழுதிவிட்டுப் போனார்கள். ஆயினும் பெண்கள் நகரவில்லை. கடைசியில் முதலாளி ஊரின் மறுகோடியில் வேறொரு பட்டறையைத் திறந்துகொண்டு இந்த இடத்தைக் கைகழுவினார். கூடம் அவர்களுடையதாயிற்று.

அந்தப் பதினோரு வாரத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. யாராவது ஒருத்தி எழுந்து நின்று ஒரு யோசனையைச் சொல்வாள். ஏற்பவர்கள் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள், எந்திரம் நின்றுவிடும். ஏற்காதவர்கள் தைத்துக்கொண்டே இருப்பார்கள். இரைச்சல் வரிசை வரிசையாக அடங்கி, சில வேளைகளில் ஒரே ஓர் எந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது அனைவரும் அவள் பக்கம் திரும்புவார்கள். அவள் காரணம் சொல்லவேண்டும், மற்றவர்கள் கேட்கவேண்டும். சாப்பாட்டு இடைவேளை அரை மணியா முக்கால் மணியா என்பதை முடிவு செய்ய இரண்டு பிற்பகல்கள் ஆயின. ஆனால் முடிவானபின் எவரும் முணுமுணுத்ததில்லை.

கூடம் சொந்தமானதும் விதிகளை எழுதும் பொறுப்பு குண்டூசியிடம் வந்தது. அவள் வழக்கத்தையே விதியாக்கினாள். கூடத்தின் முழு அதிகாரமும் அங்கே வேலை செய்வோருடையது என்பது முதல் விதி. எந்திரங்கள் அனைத்தும் நின்ற வேளையே பேரவை கூடிய வேளை, அவ்வேளையில் தலைவர் வாசிக்கும் தீர்மானம் ஏற்கப்பட்டதாகும் என்பது நான்காம் விதி. பேரவையின் முடிவே இறுதி, அதற்குமேல் எவருமில்லை என்பது ஐந்தாம் விதி. அன்றைய வேலை முடியும் மணி அடிப்பதற்குள் ஏற்கப்படாத தீர்மானம் தோற்றதாகும், ஓராண்டுக்கு அதை மீண்டும் கொண்டுவரக் கூடாது என்பது ஆறாம் விதி. பழைய முதலாளி ஒரே மிரட்டலை நாள்தோறும் கொண்டுவந்து சலிப்பூட்டியதன் நினைவு அது.

ஐந்தாம் விதியில் முதலில் இன்னொரு வாக்கியமும் இருந்தது. ஒருவருக்கு எதிராக முடிவெடுத்தால், சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த மூவர் அவர் தரப்பைக் கேட்கவேண்டும் என்பது அந்த வாக்கியம். அதை அவள் வாசித்தபோது மெக்கானிக் எழுந்து, "ஜனங்களுக்கு மேல மூணு பேரா? மறுபடியும் நாற்காலி போட்டு டீ வாங்கிக் குடுக்கணுமா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிவப்புப் பென்சிலை எடுத்து, அளவுகோல் வைத்து, அந்த வாக்கியத்தை ஒரே கோட்டில் அடித்தாள். கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மெக்கானிக்கையே தலைவராக்கினார்கள். பதினோரு வாரமும் வாசலில் படுத்துக் கிடந்தவர் அவர். அவரைத் தவிர வேறொருவரை எவரும் நினைக்கவே இல்லை. முதல் ஆண்டு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு ஆர்டர்கள் குவிந்தன. நூல் வாங்கும் கடையை மாற்றுவது போன்ற சில்லறை விஷயத்துக்கெல்லாம் ஒவ்வொருத்தியாக நிறுத்திக் காத்திருக்க நேரமில்லாமல் போயிற்று. ஒருநாள் அவர், "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டபடியே மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். எல்லா எந்திரங்களும் ஒருசேர நின்றன. "அப்பாடா, நம்ம அண்ணன் மூளையே மூளை!" என்று முதலில் கைதட்டியவள், காலர் வைப்பதால் காலர் என்றே பெயர்பெற்றவள்.

அதையும் சேர்த்து ஏழு முறை சுவிட்ச் இறங்கியது. தலைவரின் பதவிக்காலம் நீண்டது. பிறகு மீண்டும் நீண்டது. இடைவேளை இருபது நிமிடமாயிற்று. வேலை நேரத்தில் எழுந்து நின்று பேசுவது ஒழுங்கீனமாயிற்று. சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டு வந்தது; சாவி அவர் இடுப்புக்குப் போயிற்று. ஏழு முறையும் நடவடிக்கைப் புத்தகத்தில், "எந்திரங்கள் அனைத்தும் நின்றன, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதியவள் குண்டூசி. அவ்வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பகல் இடைவேளையில் நாத்தனார் வெட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

"என்ன அண்ணி, மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டுட்டீங்க? நீக்கப் போறது என்னைத்தானே?"

"பேசாம சாப்பிடு."

"நாளையிலேருந்து வீட்ல உங்களுக்குச் சமைச்சுப் போட ஆள் ரெடி. உப்பு கம்மின்னு தட்டுல குண்டூசி குத்தாதீங்க, அது போதும்."

"விளையாடாதே. உனக்குக் கத்தரி பிடிக்கறதைத் தவிர என்ன தெரியும்? இதை விட்டா இந்த ஊர்ல இருக்கறது அந்த ஆளோட பட்டறைதான். அவன் வாசல்ல போய் நிப்பியா?"

நாத்தனாரின் கை டப்பாவின்மேல் நின்றது. "அங்க போக மாட்டேன் அண்ணி," என்றாள். குரலில் இப்போது கேலி இல்லை. "எங்க அண்ணன் அவன்கிட்ட வேலை பார்த்தே இருமி இருமிச் செத்தாரு. தெருக் கூட்டினாலும் கூட்டுவேன், அங்க போக மாட்டேன்."

"அப்புறம் எதுக்குடி அந்தப் பேப்பரை ஒட்டின? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

பதவிக்காலம் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன, தேர்தல் எப்போது என்று மட்டுமே அந்தத் தாளில் எழுதியிருந்தது.

"கேட்டிருந்தா எழுத்துப் பிழை திருத்திக் குடுத்திருப்பீங்க. ஒட்டுன்னு சொல்லியிருக்க மாட்டீங்க."

குண்டூசி எழுந்தாள். டப்பாவை மூடிவிட்டுத் தலைவரின் அறைக்குப் போனாள்.

அது அறையன்று, படிக்கட்டின்கீழ் ஒரு மூலை. தலைவரானபின்பும் அவர் அந்த மூலையை மாற்றிக்கொள்ளவில்லை. அதே முக்காலி, அதே எண்ணெய்த் துணி. தமக்கென்று ஒரு நாற்காலிகூட வாங்கிக்கொள்ளாதவர் என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். ஓர் எந்திரத்தின் அடிப்பகுதியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"வாம்மா. உக்காரு. டீ சொல்லட்டுமா?"

"வேணாம்ணே. ஒரு பேப்பர் ஒட்டினதுக்கு ஆளையே நீக்கறதா?"

"எனக்கு எதிரா ஒட்டியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். என்னை உக்கார வெச்சது பேரவை. பதவியை நீட்டினதும் பேரவை. அப்ப அவ யாரை எதிர்க்கறா? சொல்லு."

"பேரவைன்னு சொல்றீங்க. நீங்க சுவிட்சை இறக்கறீங்க, அவ்வளவுதானே நடக்குது?"

அவருக்குக் கோபம் வரவில்லை. திருகாணியைத் துணியால் துடைத்தார்.

"நான் இறக்கறது சுவிட்சை. நிக்கறது மெஷின். மெஷின் நின்னா என்ன அர்த்தம்னு எழுதினது நீ."

"அவ தரப்பைக் கேக்க ஒரு இடம் வேணாமாண்ணே?"

"இருந்துச்சே. மூணு பேரு. அளவுகோல் வெச்சு அடிச்சியே, ஞாபகம் இல்லையா? எனக்கு அந்தக் கோடுகூட ஞாபகம் இருக்கு. அவ்வளவு நேரா இருந்துச்சு."

"நீங்கதான் ஜனங்களுக்கு மேல மூணு பேரான்னு கேட்டீங்க."

"இப்பவும் அதையேதான் கேக்கறேன்." அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் வஞ்சகம் தேடினாள், கிடைக்கவில்லை. "நான் யாரும்மா? வெறும் கை. எல்லாருமா சேர்ந்து நினைக்கறதை நான் செய்யறேன். நாங்க இந்தக் கூடத்தை எப்படி மீட்டோம்னு உனக்குத் தெரியாதா? ஆளாளுக்குப் பேப்பர் ஒட்டினா பூட்டுப் போட ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்."

அவர் "நாங்க" என்று சொல்லும்போது அதில் யார் யார் அடக்கம் என்று கேட்க அவள் வாய் திறந்தாள். மணி அடித்துவிட்டது.

சரிபார்ப்பு மேசைக்குப் பக்கத்தில், சன்னலோரம், கால் மிதி எந்திரம் ஒன்று உண்டு. கூடத்திலேயே பழையது. சிறுசிறு திருத்தங்களை அவளே அதில் தைத்துவிடுவாள். மனம் நிலைகொள்ளாததால் அன்று பிற்பகல் முழுதும் அதிலேயே உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டை ஒன்றின் பை பிரிந்திருந்தது, அதைத் தைத்தாள். தைத்தது கோணியது. பிரித்தாள், மீண்டும் தைத்தாள்.

நான்கு மணிக்குத் தலைவர் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து, கையில் தாளோடு நின்றார். கட்டிங் மாஸ்டர் வெட்டு மேசையின் முன் கைகட்டி நின்றாள். சுவிட்ச் இறங்கியது. விளக்குகளும் மின்விசிறிகளும் அணைந்தன. நாற்பத்திரண்டு எந்திரங்கள் ஒரே நொடியில் அடங்கின.

குண்டூசியின் கால் தானாக மேலெழுந்தது. மற்ற எந்திரங்கள் அடங்கியதும் தன் காலும் அடங்குவது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. ஏழு முறையும் அப்படித்தான் அடங்கியது. அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது: மற்றவர்களின் எந்திரங்களைச் சுவிட்ச் நிறுத்தியது, இதை நிறுத்தியது அவள் கால். ஏழு தீர்மானத்திற்கும் உண்மையில் சம்மதம் சொன்னவள் அந்தக் கூடத்தில் ஒருத்திதான்.

காலைக் கீழே வைத்து மிதித்தாள். இருண்ட கூடத்தில் அந்தப் பழைய எந்திரம் மட்டும் தடதடவென்று ஓடியது.

தலைவர் தாளை விரித்துவிட்டுக் காத்திருந்தார். சற்றுப் பொறுத்து, "ஏம்மா, நிறுத்து," என்றார்.

"தையல் முடியலண்ணே."

இரண்டொருவர் சிரித்தார்கள்.

"அப்புறம் தைக்கலாம். பேரவை கூடியிருக்கு."

"இன்னும் கூடலண்ணே. எந்திரங்கள் அனைத்தும் நின்ற வேளைன்னு இருக்கு. பதிவேட்டுல இது நாற்பத்து மூணாவது."

அவர் தாளை மடித்தார். கோபத்தைவிட வியப்பே அவர் முகத்தில் மிகுதியாகத் தெரிந்தது. "எவ்வளவு நேரம் மிதிப்பே?"

"மணி அஞ்சாக ஒரு மணி நேரம் இருக்கு."

அவள் மிதித்தாள். பையின் நான்கு பக்கமும் தைத்து முடிந்தது. அதன்மேலேயே மறுபடியும் தைத்தாள். நூல்கண்டு தீர்ந்தது. நூலில்லாத ஊசி துணியில் வெறுமனே துளையிட்டது. தொடை வலித்தது. எவரும் பேசவில்லை, எழுந்து பேசுவதுதான் ஒழுங்கீனமாயிற்றே. நாத்தனார் மட்டும், "அண்ணி, அந்தச் சட்டையை நாளைக்கு நீங்களே ரிஜெக்ட் பண்ணப் போறீங்க," என்றாள்.

நாலே முக்காலுக்குத் தலைவர் அருகே வந்தார். குனிந்து, மிதிச் சக்கரத்தையும் எந்திரத்தையும் இணைத்திருந்த தோல் பெல்ட்டைப் பரிவோடு கழற்றினார். "பெல்ட் தேஞ்சிருக்கு. பழுது பார்க்கணும்," என்றார். மெக்கானிக்காக அவருக்கு அதில் முழு உரிமை உண்டு. குண்டூசியின் கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன, எந்திரம் ஓடவில்லை.

மௌனத்தில் அவர் சுவிட்சுப் பெட்டியருகே திரும்பிப் போய்த் தாளை விரித்தார். "உறுப்பினர் பதிவிலிருந்து..."

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தடக். சற்று இடைவெளி. தடக்.

காலர் தன் எந்திரத்தின் பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். மின்சாரம் இல்லாமலே ஊசி ஏறியது, இறங்கியது.

"என்னம்மா பண்றே?" என்றார் தலைவர்.

"ஊசி பாதியில குத்தி நிக்குதுண்ணே. எடுக்க வேணாமா? துணி வீணாப் போயிடும்ல?"

"எடுத்தாச்சுல்ல? விடு."

"அடுத்த தையல்லயும் குத்திருச்சே," என்றாள் காலர். தலைநிமிராமல் சுற்றினாள்.

அவளுக்குப் பின்னால் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பவள் சுற்றத் தொடங்கினாள். பிறகு பட்டன் தைக்கும் பட்டன். பிறகு ஒரு வரிசை முழுதும். மின்சாரத்தின் இரைச்சலன்று அது. கைகளின் சத்தம், ஒழுங்கில்லாத சத்தம், ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும். தலைவர் ஒரு வரிசைக்குள் நடந்தார். அவர் ஒரு சக்கரத்தின்மேல் கைவைத்தால் அது நின்றது. கையை எடுத்தால் சுற்றியது. கையால் சுற்றும் சக்கரங்களைப் பெல்ட்டைக் கழற்றி நிறுத்த முடியாது. அவற்றை மாட்டியவர் அவர். அவருக்கே அது நன்றாகத் தெரியும்.

ஐந்து மணி அடித்தது.

குண்டூசி நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்தாள். "எந்திரங்கள் அனைத்தும் நிற்கவில்லை. தீர்மானம் தோற்றது." எழுதி முடித்து, மை காயும்வரை காத்திருந்தாள். நாத்தனார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாவியை வெச்சிட்டுப் போங்கண்ணே," என்றாள் காலர்.

அவர் சுற்றிலும் பார்த்தார். தாம் பழுதுபார்த்த எந்திரங்களிலிருந்து தமக்குத் தெரியாத சத்தம் வருவதுபோல் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சாவியை அவிழ்த்துச் சரிபார்ப்பு மேசைமேல் வைத்தார்; பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு படிக்கட்டின்கீழ் போய்விட்டார்.

பெண்கள் மேசையைச் சூழ்ந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இனிமே சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா."

"ஆமா. நம்ம குண்டூசி கையில இருந்தா ஒரு தப்பு நடக்குமா?"

"இப்பவே எழுதிருங்கக்கா. இனிமே நீங்கதான் தலைவர். எல்லாரும் நிறுத்தறோம், பாருங்க!"

மின்சாரமே இல்லாத எந்திரங்களிலிருந்து அவர்கள் சிரித்தபடி கைகளை எடுத்தார்கள். கைதட்டல் தொடங்கியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே கைதட்டல்; அதே அளவு அன்பு அதில் இருந்தது. சாவி அவர் உடம்புச் சூட்டோடு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதைக் கையில் எடுத்தபோது அவளுக்கு இனிமையாகவே இருந்தது. அந்த இனிமையை மறைக்க அவள் முயலவில்லை.

"வாங்கிக்கோங்க அண்ணி," என்றாள் நாத்தனாரும்.

"நாளைக்கு நான் உன்னை நீக்கணும்னு சொன்னா?"

"நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க."

"அவரைப் பத்தியும் இதைத்தான் சொன்னோம். நான்தான் முதல்ல சொன்னேன்."

கைதட்டல் ஓய்ந்தது. அவள் ஓர் ஆணியைத் தேடி, எல்லாருக்கும் எட்டும் உயரத்தில் சுவரில் அடித்து, அதில் சாவியை மாட்டினாள். பிறகு விதிப்புத்தகத்தை எடுத்தாள். சிவப்புக் கோட்டின்கீழ் ஆறாண்டுக்கு முந்தைய வாக்கியம் தெளிவாகவே படிக்கக் கிடைத்தது. அதைப் புதுத்தாளில் எழுதினாள். நான்காம் விதிக்குக் கீழும் ஒரு வரி சேர்த்தாள்: ஓட முடிகிற எந்திரம் நின்றால்தான் அது நின்றதாகும்.

மறுநாள் காலையில் அவள் வந்தபோது மெக்கானிக் மிதி எந்திரத்தின்முன் குந்தியிருந்தார். புதிய பெல்ட் மாட்டியிருந்தார். "மிதிச்சுப் பாரும்மா," என்றார். மிதித்தாள். சீராக ஓடியது. அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு, விளக்குகள் எரிய, எல்லா எந்திரங்களும் ஓடிக்கொண்டிருக்க, அவள் எழுந்து நின்று புதிய தாளை வாசித்தாள். வாசித்து முடித்ததும் தன் எந்திரத்தை நிறுத்தினாள். ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் அடங்கின. அது நீண்டநேரம் பிடித்தது. கடைசியில் ஓர் எந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாரும் காலரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடி உனக்கு?" என்றாள் பட்டன். "நேத்து நீதானே ஆரம்பிச்சே?"

"மூணு பேருன்னு இருக்குல்ல. சீட்டுக் குலுக்கும்போது மூணு பேரும் ஒரே பெஞ்சுக்காரிங்களா வந்தா? இல்ல, எனக்கு ஆகாதவளே வந்துட்டா? அதுக்கு என்ன வழி சொல்லியிருக்கீங்க?"

"ஐயோ, இவளோட!" என்றாள் காஜா. "ஆர்டர் கிடக்கு. யாராவது அந்தச் சுவிட்சைத்தான் இறக்கித் தொலைங்களேன்."

கூடம் சிரித்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது; எட்டும் உயரத்தில்தான்.

எவரும் எழுந்திருக்கவில்லை. குண்டூசி முக்காலியை இழுத்து மூன்றாம் வரிசையில் போட்டு உட்கார்ந்தாள். பென்சிலைச் சீவிக்கொண்டாள்.

"சொல்லு," என்றாள். "முதல்லேருந்து சொல்லு."